வீட்டுப் பூந்தோட்டம் பேணும் முறை
(ஆசிரியர்க்குரிய பாடக் கட்டுரை)

1. தோற்றுவாய்

பூந்தோட்டம் என்பது செல்வர்க்கு மாத்திரம் உரியதோர் அலங்காரம் என்று கருதுவார் நம்மிற் பலர். பரந்த நிலமும், கூலிக்கு ஆளும், விலைகொடுத்து வாங்கிய அருஞ்செடிகளும் இருந்தாலன்றித் தோட்டம் அமையாது என்பது அவர் கொள்கை. அது பொருந்தாது. வாசற்படியின் இரு மருங்கும் நான்கு செடி வைத்து, அந்நான்கினையும் ஆண்டு முழுவதும் வாடாது காப்பவன் எவனோ அவனே தோட்டக்காரன். நாற்பது செடி நட்டு முப்பத்தொன்றைச் சாகவிட்டவன் தோட்டக்காரன் ஆகான். இவ்விரண்டாம் வகையினராய் யாமே ஒருகால் இருந்தோம். அதனை முதற்கண் ஒப்புக்கொண்டு, அப்பிழையினாற் கற்ற பாடத்தை நம் சைவ வித்தியாசாலை ஆசிரியர்கட்குச் சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூவைப் பேணுதல் நம்மவர்க்குப் புதிய தொழில் அன்று. திருப்புகலூரில் அவதரித்த முருக நாயனார், நாடோறும் வைகறையில் எழுந்து கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்னும் நால்வகை மலரும் கொய்து மாலை தொடுத்து வழிபட்ட வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. அடியார் செயலைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி அமைகின்றோம். நால்வகைப் பூ எவை, அவை எந்த நிலத்தில் எவ்வாறு வளரும் என்று கேட்டால், சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்? நாடோறும் மலர் கொய்தார் என்றால், நாடோறும் மலர் தரும் செடியை எவரோ பேணியிருத்தல் வேண்டும் அன்றோ? அப்பேணுதலே இப்பாடத்தின் பொருள்.

2. நம் மாவட்டத்து நிலமும் மழையும்

செடியை அறியுமுன் நிலத்தை அறிதல் வேண்டும். மாத்தளை நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் உள்ளது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர்; வடக்கே போகப்போக நிலம் தாழ்ந்து தம்புள்ளையின் வறண்ட சமவெளியாகின்றது. ஒரே மாவட்டத்துள் ஈர நிலமும் வறள் நிலமும் இருத்தலால், இறத்தோட்டையிற் செழிக்கும் செடி தம்புள்ளையில் வாடும். தம்புள்ளையிற் பொன்போற் பூக்கும் கொன்றை மலைச்சாரலின் ஓயாத ஈரத்தில் அவ்வாறு பூப்பதில்லை. அயலூரார் தோட்டத்தைப் பார்த்து அப்படியே நட விரும்புவோர் இதனை மறவாதிருப்பாராக.

மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றால் வருவது. மாசியும் பங்குனியும் வறட்சி. சித்திரையில் இடியுடன் சில மழை. ஆனி தொடங்கி ஆவணி வரை, மலையின் மேற்புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்காற்றாய் இறங்கும் கச்சான் வீசும். இக்காற்று மண்ணின் ஈரத்தையும் இலையின் ஈரத்தையும் ஒருங்கே உறிஞ்சிவிடும். நம் தோட்டங்கள் சாவது பெரும்பாலும் இக்காலத்திலேயாம்.

தோட்டம் என்றால் முதலில் நீர் என்பதை நம் மாவட்டத்துப் பழையோர் நன்கு அறிந்திருந்தனர். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் காலத்துச் சீகிரியாவைப் பாருங்கள். குன்றின் மேலுள்ள ஓவியத்தைக் காண விரைந்து ஏறுவோர், அடிவாரத்து மேற்குப் பக்கத்தில் அமைந்த நீர்த்தோட்டத்தைக் கவனியாது கடந்துவிடுகின்றனர். அங்கே செடி நடுமுன் நீர் வரும் வழி வகுக்கப்பட்டது. உயரத்திலிருந்து நிலத்தடிக் குழாய்களால் இறங்கும் நீர், துளையிட்ட வட்டமான கற்பலகைகளினூடே தன் அழுத்தத்தினாலேயே நீரூற்றாய் எழும். ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழிந்தும் மழைக்காலத்தில் அவ்வூற்றுக்கள் எழுகின்றன. அரசன் நட்ட செடிகள் இன்றில்லை; அவன் வகுத்த நீர்வழி இருக்கின்றது. மாணாக்கரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர், குன்றின்மேல் ஏறுமுன் அங்கே கால்மணி நேரம் நிறுத்தி, இந்நீர் எங்கிருந்து வருகின்றது என்று வினவுவாராயின் அதுவே பூந்தோட்டத்தின் முதற்பாடமாம்.

3. யாம் செய்த பிழை

யாம் இளமையிற் பயின்றது மிஷன் பாடசாலையொன்றில். அங்கே புல்வெளியின் ஓரத்தில் நூல் பிடித்தாற்போல் நேர்வரிசையாகப் பூஞ்செடிகள் நின்றன. அவ்வொழுங்கு எம் மனத்திற் பதிந்திருந்தது. நன்று எங்கிருந்து வரினும் கொள்ளத்தக்கதே. ஆயின் கண்டதன் புறத்தோற்றத்தை மாத்திரம் கொண்டு, அதனைப் பேணிய கையை யாம் கொள்ளாது விட்டோம்.

பின்னர் ஆசிரியராய்ப் பணியாற்றுங்கால், ஒரு வைகாசியில் விழா எடுத்து, பாடசாலை முன்றிலில் நாற்பது செடி நடுவித்தோம். வந்தோர் ஆளுக்கொன்றாய் நட்டனர். ஒவ்வொன்றின் அருகிலும் பெயர்ப்பலகை நாட்டினோம். படம் எடுத்தோம். ஆனியிற் கச்சான் எழுந்தது. ஆகஸ்ட் விடுமுறையில் வாயிற்கதவு பூட்டப்பட்டது. மீண்டும் திறந்தபோது முப்பத்தொரு பெயர்ப்பலகைகள் காய்ந்த குச்சிகளுக்குக் காவல் நின்றன. எஞ்சியவை ஒன்பது.

அவ்வொன்பதும் ஏன் பிழைத்தன என்று வகுப்பில் வினவினோம். நல்ல சாதி என்றான் ஒருவன். நல்ல மண் என்றான் ஒருவன். பின்வரிசையில் இருந்த மாணாக்கி ஒருத்தி எழுந்து, அவை ஒன்பதும் தண்ணீர்க் குழாயின் அருகில் நின்றவை என்றாள். விடுமுறையிலும் அயலார் அக்குழாயில் நீர் எடுக்க வந்தனராம். சிந்திய நீர் அச்செடிகட்குப் பாய்ந்ததாம். கண்டவர் ஒரு கை நீரும் ஊற்றினராம். "தினமும் பார்க்கிற செடி சாகாது, சேர், எங்கள் அம்மா சொல்லுவார்" என்று முடித்தாள்.

அவள் அயற்றோட்டத்து லயன் ஒன்றிலிருந்து வருபவள். வரவு இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வராத நாட்களை யாம் குறித்து வந்தோமேயன்றி, ஏன் வரவில்லை என்று அதுவரை ஒருநாளும் கேட்டிலோம். அடுத்த வாரம் அவள் வீட்டை யாம் சென்று கண்டோம். பத்தடி அறை, அதன் முன்னே கான் ஓரமாகப் பால்மாத் தகரங்களில் துளசி, செவ்வந்தி, நித்தியகல்யாணி, ஒரு மல்லிகை. அரிசி கழுவிய நீர் அவற்றுக்கே போகும். கொழுந்து பறிக்கப் போகுமுன்னும் வந்த பின்னும் தாய் அவற்றைக் கடந்தே நடப்பார். ஒரு தகரமும் வாடியிருக்கவில்லை. எம் நாற்பது செடிக்கும் இல்லாத ஒன்று அவற்றுக்கு இருந்தது. அஃதாவது, ஒருவர் கண்.

இக்கட்டுரையில் இனி வரும் விதிகள் பலவும் அத்தாயின் ஒரு வாக்கியத்துக்கு விரிவுரையே என்க.

4. இடமும் காலமும்

முதல் விதி: நாடோறும் நடக்கும் வழியில் நடுக. கிணற்றுக்கோ குழாய்க்கோ செல்லும் பாதை, வாசற்படி, சமையலறைக் கதவின் வெளிப்புறம் ஆகியவையே வீட்டுத்தோட்டத்தின் முதலிடங்கள். வேலியின் கோடியில், எவரும் போகாத மூலையில் அருமையான செடியை வையாதீர்.

இரண்டாம் விதி: வெயிலை அளந்து நடுக. காலை எட்டு மணிக்கும் நண்பகலிலும் மாலை நான்கு மணிக்கும் முற்றத்தின் நிழல் எங்கே விழுகின்றது என்று மாணாக்கர் சுண்ணாம்பினாற் கோடிடுக. மல்லிகை, ரோசா, தாமரை என்பன ஆறுமணி நேர வெயிலேனும் வேண்டுவன. நந்தியாவட்டை அரைநிழலிலும் பூக்கும். குரோட்டன் வகைகள் வெயிலில் நிறம் மிகும். மல்லிகையை நிழலில் வைத்து, இலை செழித்தும் பூவில்லையே என்று வருந்துவோர் பலர்; அது செடியின் குற்றம் அன்று.

மூன்றாம் விதி: ஐப்பசியில் நடுக. பருவமழையின் தொடக்கத்தில் நட்ட செடி நான்கு மாதம் வேரோடி, மாசி வறட்சிக்கு முன் ஆழத்து ஈரத்தைத் தொட்டுவிடும். வைகாசியில் நட்டது வேரூன்றுமுன் கச்சானை எதிர்கொள்ளும். எம் நாற்பது செடியும் விழாவின் நாளுக்கு நடப்பட்டனவேயன்றி மழையின் நாளுக்கு நடப்படவில்லை.

குழி, புதர்ச்செடிக்கு ஒன்றரை அடி ஆழமும் அவ்வளவு அகலமும், மரத்துக்கு இரண்டடியும் வேண்டும். மேல்மண்ணை ஒருபுறமும் கீழ்மண்ணை மறுபுறமும் குவித்து, மேல்மண்ணைக் கூட்டெருவுடன் கலந்து நிரப்புக. தண்டு முன்னிருந்த மட்டத்துக்கு மேல் புதையலாகாது. புதைந்த தண்டு அழுகும். சரிவான நிலமாயின் சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு, வரப்பின் மேல் வெட்டிவேர் நட்டால் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாது.

5. மண், எரு, நீர்

தகரத்திலோ சட்டியிலோ வளர்ப்போர் செம்மண், ஆற்றுமணல், கூட்டெரு மூன்றையும் சம பங்காகக் கலப்பாராக. அடியில் துளையில்லாத தகரம் செடிக்குக் கிணறு; வேர் மூச்சற்று இறக்கும். ஆகலின் நான்கு துளையிட்டு, அவற்றின்மேல் ஓட்டுத்துண்டு வைத்து, பின்னரே மண் இடுக.

கூட்டெரு செய்தல் எளிது. காய்ந்த இலை ஓர் அடுக்கு, பச்சை இலையும் சமையலறைக் கழிவும் ஓர் அடுக்கு, சிறிது மாட்டெருவும் மேல்மண்ணும் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி மார்பளவு உயர்த்துக. பிழிந்தால் துளி விழாத அளவில் ஈரம் வைத்து, இரு வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் ஏறத்தாழ மூன்று மாதத்திற் கருமையாய், மண்வாசனையுடன் எரு கிடைக்கும். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்தது என்றும், சூடே காணாவிட்டால் பச்சை குறைந்தது என்றும் அறிக. மாத்தளையில் மிளகுக்கொடி படரும் கிளிரிசிடியா மரமும், வழியோரத்திற் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தியும் இதற்குச் சிறந்த பச்சிலை தருவன, விலையில்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைப்பட்டபோது தோட்டக்காரர் பட்ட இடரை நாம் அறிவோம். ஆயத்தமின்றித் திடீரென மாறியதனால் வந்த இடர் அது. வீட்டில் ஓர் எருக்குவியல் எப்போதும் இருப்பவனுக்கு அவ்விடர் பாதியாகும்.

நீர் ஊற்றும் முறையிற் பிழைப்போரே மிகப் பலர். நாடோறும் சிறிது தெளித்தால் மேல்மண் மாத்திரம் நனைந்து, வேரும் மேலேயே படர்ந்து, ஒருநாள் தவறினாலும் வாடும். விரலை முதற்கணு வரை மண்ணுள் விட்டுப் பார்க்க. ஈரம் இருந்தால் ஊற்றற்க. இல்லையேல் வேர் நனைய ஆழமாக ஊற்றுக. காலையில், அடியில், இலை நனையாமல் ஊற்றுதல் நன்று. நிலத்துச் செடிகளின் அடியில் வைக்கோலோ சருகோ மூன்று விரல் உயரத்துக்கு மூடாக்காக இட்டு, தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுக. இவ்வொன்றே கச்சான் காலத்து நீர்ச்செலவைப் பெரிதும் குறைக்கும்.

6. நால்வகைப் பூ

கோட்டுப்பூ: மரக்கிளையிலும் புதர்க்கிளையிலும் பூப்பன. கொன்றை, சண்பகம், பவளமல்லிகை, நந்தியாவட்டை, செவ்வரத்தை என்பன இதனுள் அடங்கும். கொன்றை விதையின் தோல் கடியது. கரடான கல்லில் ஓரத்தைச் சிறிது உரைத்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து இட்டால் முளைக்கும். உரைத்த பத்து விதையும் உரையாத பத்து விதையும் அருகருகே இட்டுக் காட்டுதல் சிறுவர்க்கு மறவாத பாடமாகும். நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் விரற்பருமனான தண்டுத்துண்டுகளால் வளரும். செவ்வரத்தைப் பூ பெரும்பாலும் ஒரு நாளே நிற்பது. ஆகையால் புதுத்தளிர் இடைவிடாது எழும்படி முதுகிளையை வெட்டிவருதல் வேண்டும். பவளமல்லிகை இரவிற் பூத்து விடியுமுன் தானே உதிர்வது. நிலத்தில் விழுந்த மலரைச் சாத்தலாகாது என்பார், இதனை மாத்திரம் விலக்காகக் கொள்வர். மரத்தடியிற் சுத்தமான துணி விரித்து வைத்தல் வழக்கம்.

கொடிப்பூ: முல்லை, பிச்சி முதலியன. மல்லிகை புதராகவும் கொடியாகவும் வளர்தலின் ஈண்டே கூறுவாம். மல்லிகை புதுத்தளிரின் நுனியிற் பூப்பது. இதனை அறியாதார் வெட்ட அஞ்சி, முதுகொடியைக் காத்து, பூவை இழப்பர். ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்தபின், நோயுற்றதும் காய்ந்ததுமான கிளைகளை அடியோடு நீக்கி, ஏனையவற்றை முழங்கால் அளவுக்குக் குறைத்து, எருவிட்டு நீர் பாய்ச்சுக. புதிய மல்லிகை வேண்டின், தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, நடுக்கணுவில் தோலைச் சிறிது சீவி மண்ணுட் புதைத்து, அதன்மேல் கல் வைத்து விடுக. வேர்விட்டபின் தாயினின்றும் அறுத்து நடலாம். இதனைப் பதியம் என்பர்.

நிலப்பூ: செவ்வந்தி, செண்டுப்பூ, காசித்தும்பை, நித்தியகல்யாணி, துளசி முதலியன. செவ்வந்தி இரவு நீளும் காலத்தில் மொட்டெடுக்கும் இயல்பினது. விளக்குக் கம்பத்தின் ஒளி இரவெல்லாம் படும் இடத்தில் வைத்தாற் பூத்தல் தாமதமாகும். இரண்டு சட்டிகளை வைத்து மாணாக்கரே சோதித்தறியலாம். இளமையில் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை பெருகிப் பூவும் பெருகும். செண்டுப்பூவின் வேர், மண்ணிலுள்ள சிலவகை வேர்ப்புழுக்களைக் குறைப்பதால் கத்தரி, தக்காளி ஓரத்தில் நடத்தக்கது. காசித்தும்பையின் முற்றிய காய் தொட்டவுடன் வெடித்து விதை சிதறும். செடிகள் தம் மக்களை எவ்வாறு தூரதேசம் அனுப்புகின்றன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டா. நித்தியகல்யாணி, பட்டிப்பூ எனவும்படும், வறட்சிக்கு அஞ்சாதது. எளிய தகரத்தில் நிற்கும் இச்செடியினின்றே இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகள் பிரித்தெடுக்கப்பட்டன. ஆயின் அதனைத் தாமே அரைத்துண்ணல் கேடாகும்.

நீர்ப்பூ: தாமரையும் அல்லியும். அகன்ற சிமெந்துத் தொட்டியில் அரைப்பங்கு களிமண்ணும் எருவும் இட்டு, கிழங்கை ஊன்றி, மணல் தூவி, மெல்ல நீர் நிரப்புக. நிழலிற் பூவாது. நுளம்பின் குடம்பிகளைத் தின்னும் சிறு மீன்களை விடாமல் நீர்ப்பூ வளர்த்தல் தகாது.

ரோசா பிற்காலத்து வரவாயினும் நம் முற்றத்தை விட்டு நீங்காதது. ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே எழும் தளிர் காட்டுச்செடியின் தளிர். அதனை உடனே கிள்ளாவிடின் நல்லரோசா நலிந்து காட்டுரோசாவே எஞ்சும். வெட்டுங்கால் வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுக.

7. நோயும் பூச்சியும்

நாடோறும் பார்ப்பவனுக்கு மருந்துச்செலவு குறைவு. செவ்வரத்தையின் நுனியில் வெண்மாவு போற் படியும் பூச்சியை முதல்நாளே கண்டால் ஈரத்துணி போதும். பத்தாம் நாள் கண்டால் சவர்க்கார நீர் வேண்டும். மாதங்கழித்துக் கண்டால் கிளையையே வெட்டல் வேண்டும். எறும்பு சாரையாய் ஏறும் செடியில் இப்பூச்சி இருக்கும் என்று ஐயுறுக. அது சுரக்கும் இனிப்பை நாடியே எறும்பு ஏறுகின்றது. ரோசாவின் இலையிற் கரும்புள்ளி தோன்றினால் அவ்விலைகளைப் பறித்து எரித்து, இலை நனையாது நீர் ஊற்றுக. வேப்பம்விதையை இடித்து ஓரிரவு ஊறவைத்து வடித்த நீர் பல பூச்சிகட்கும் பொதுமருந்து.

ஒரே இனத்தை நெருக்கி நடுதல் நோய்க்கு அழைப்பு ஓலையாகும். 1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பிச் செடியின் இலையில் மஞ்சட்புள்ளியாய்த் தோன்றிய துருநோய், சில ஆண்டுகளில் மலைநாடெங்கும் பரவிக் கோப்பித் தொழிலையே அழித்தது. மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளை வந்து அக்கோப்பியைப் பயிரிட்ட நம் முன்னோர் பிழைப்பும் அதனாற் குலைந்தது. இதற்கு மாறாக, பலா, கமுகு, சாதிக்காய், மிளகு, வாழை, மஞ்சள் எனப் பல உயரத்துச் செடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாய் வளர்க்கும் கண்டி, மாத்தளைப் பகுதியின் பழைய வீட்டுத்தோட்டம் ஒரு நோயினால் முழுதும் அழிவதில்லை. பூந்தோட்டமும் அவ்வாறே பலவினமாய் அமைக.

8. காக்க வேண்டியவை

அழகினால் ஏமாறலாகாத இடங்கள் மூன்று.

முதலாவது, பொன்னலரி. மஞ்சட் பூவும் பசுமையும் கண்ணைக் கவரினும் அதன் எல்லா உறுப்பும் நஞ்சு. இதயத்தின் துடிப்பைத் தடுமாறச் செய்வது. இலங்கையில் இதனால் இழந்த உயிர்கள் பல. இளையோர் பலரும் அவருட் சேர்வர். செவ்வலரியும் நஞ்சுடையதே. கோயில் நந்தவனத்தில் காவலுடன் வளர்வது வேறு. பாடசாலையிலும் சிறுவர் உள்ள வீட்டிலும் இவற்றைப் புதிதாய் நடற்க. உள்ளதனைப் பெரியோர் நீக்குக. எவரேனும் உண்டதாக ஐயம் எழுந்தால் வீட்டு வைத்தியத்திற் காலங்கழியாது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

இரண்டாவது, தேங்கிய நீர். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டனர். அந்நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவம் எய்த ஒரு வாரமளவே போதும். சட்டியின் அடித்தட்டு, வெற்றுத் தகரம், பூச்சாடி என்பவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்க. நீரைக் கொட்டினால் மாத்திரம் போதாது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். இதற்கு வெள்ளிக்கிழமையைக் குறித்துக்கொள்ளல் நன்று; பூசைக்கு முற்றம் கூட்டும் நாளாகலின் மறவாது.

மூன்றாவது, எல்லை கடக்கும் செடி. இன்று நம் காடுமேடெங்கும் முள்ளாய் மண்டியுள்ள உண்ணிச்செடி, 1826இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுச்செடியாகவே வந்தது. குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஊதாப்பூவுக்காகவே கொணரப்பட்டது; 1909இல் அதனை ஒழிப்பதற்கென்றே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆகலின் புதிய செடி கொணர்வோர், பூ எப்படி என்று கேட்குமுன், விதை எங்கே போகும் என்று கேட்பாராக. வேலிக்கு வெளியே தானே முளைக்கும் செடியை அப்பொழுதே பிடுங்குக.

9. விடுமுறைக் காவல்

பாடசாலைத் தோட்டத்தின் உயிர் விடுமுறையில் உள்ளது. நட்டபின் காவலைப் பற்றி எண்ணாது, காவலை ஏற்படுத்தியபின் நடுக. ஒரு செடிக்கு ஒரு மாணாக்கன் என்று வைத்தால் அவன் வாராத நாளில் செடி அநாதை. ஒரு செடிக்கு இருவர், அவருள் ஒருவர் அயலில் வசிப்பவர் என்று வைக்க. கொண்டுபோகத்தக்க சட்டிகளை விடுமுறைக்கு வீடுகட்கு அனுப்புக. நிலத்துச் செடியின் அருகே மெருகிடாத மட்பானையொன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை நுளம்பு புகாதவாறு இறுக மூடி வைத்தால், சுவர்வழியே கசியும் ஈரம் வேருக்குச் சில நாள் உதவும்.

ஒவ்வொரு மாணாக்கனும் ஒரு குறிப்பேடு வைத்து, நாள், மழை உண்டா இல்லையா, ஊற்றிய நீர், புதிய இலை, மொட்டு, கண்ட பூச்சி என்பவற்றை ஒரு வரியில் எழுதுக. எழுத வேண்டுமாயின் பார்த்தே ஆகவேண்டும். அதுவே ஏட்டின் பயன்.

10. ஏழு பேர்ச்சு

மலையகத்தில் லயனை விட்டுத் தனிவீடு பெற்ற குடும்பங்கள் பலவற்றுக்கு 7 பேர்ச்சு நிலம் வழங்கப்பட்டது. ஒரு பேர்ச்சு 272¼ சதுர அடி. ஏழு பேர்ச்சு ஏறத்தாழ 1,905 சதுர அடி. வீடு 550 சதுர அடி கொண்டால் எஞ்சுவது 1,355. இக்கணக்கை வகுப்பிற் செய்வித்து, வழிக்கும் கிணற்றடிக்கும் கறித்தோட்டத்துக்கும் எவ்வளவு, பூவுக்கு எவ்வளவு என்று மாணாக்கரைக் கொண்டே வரைபடம் வரைவிக்க. தலைமுறை தலைமுறையாய்ப் பிறர் நிலத்திற் கோப்பியும் தேயிலையும் வளர்த்துத் தந்தவர் பிள்ளைகள், தம் வாசலில் எதை நடுவோம் என்று தாமே தீர்மானிக்கும் கணக்கு இது. நிலம் இன்னும் கிட்டாத பிள்ளைகளும் அவ்வகுப்பில் இருப்பர் என்பதை ஆசிரியர் மறவாது, தகரத்தோட்டத்தின் வரைபடத்தையும் சம மதிப்பெண்ணுடன் ஏற்பாராக.

11. முடிவுரை

எம் வகுப்பில் எழுந்து பேசிய அம்மாணாக்கியை அவ்வாண்டின் எஞ்சிய நாட்கட்குத் தோட்டக் காவலுக்குத் தலைவியாக்கினோம். வரவு இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வராத நாள் குறைந்தது, முற்றும் ஒழியவில்லை. மழைநாளிற் பாதை வழுக்கும் என்பதும், தம்பியைப் பார்க்க ஆளில்லை என்பதும் இப்போது எமக்குத் தெரியும், முன்னர்த் தெரியாது. மறுவருடம் அக்குடும்பம் வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்தது. போகுமுன் எம் மல்லிகையிற் பதியமிட்ட கன்றொன்றைப் பால்மாத் தகரத்தில் வைத்துக் கொண்டு சென்றாள்.

ஆசிரியர்களே, வகுப்பிலும் குழாயருகில் நிற்கும் பிள்ளைகள் சிலர். வேலிக்கோடியில் நிற்கும் பிள்ளைகள் சிலர். முன்வரிசையை நாம் நாடோறும் பார்க்கின்றோம். செடியைப் பேணக் கற்ற கண், இடாப்பின் கடைசிப் பெயரையும் பார்க்கக் கற்குமாயின் இப்பாடம் முழுப்பயன் தந்ததாகும்.

பயிற்சி வினாக்கள்

1. நால்வகைப் பூவும் யாவை? உம் ஊரில் உள்ளவற்றுள் வகைக்கு இரண்டு கூறுக.
2. மாத்தளை மாவட்டத்திற் செடி நட ஐப்பசி ஏற்றது, வைகாசி ஏலாதது, காரணம் என்ன?
3. மல்லிகையை ஆண்டுதோறும் வெட்டுதல் ஏன்?
4. உண்ணிச்செடியின் வரலாற்றால் அறியத்தக்கது யாது?
5. உம் வீட்டிலிருந்து நீர் எடுக்கும் இடம் வரை நடந்து, வழியில் உள்ள செடிகளையும், வழிக்கு அப்பால் உள்ள செடிகளையும் வேறுவேறாக எழுதி, எவை செழிப்பாயுள்ளன என்று காண்க.